என் எடைக்கு அரிசி

ஜனவரி 12, 2025 – ஞாயிறு

நேற்று கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண ரிசப்சனில் என் களிசான் கழன்று விழுந்தது. ஊர் இதைப் பெருப்பித்துச் சொல்வதற்கு முன் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

மணமக்களுக்காக எல்லாரும் வைன் கிளாசை உயர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் மைக், மறு கையில் கிளாஸ், இரண்டையும் நானே முதலில் உயர்த்திக் காட்டினேன். கைகள் மேலே போயின. மற்றது கீழே போயிற்று. நல்ல வேளை, உள்ளே இருந்தது கிறிஸ்மசுக்கு மனைவி சாமினி வாங்கித் தந்த புதுசு. பழையது என்றால் இன்று பூசைக்கே போயிருக்க மாட்டேன்.

ஒருவரும் பதறவில்லை. நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள். பெண்ணின் மாமா ஒருவர் கதிரையில் ஏறி நின்று “வன்ஸ் மோர்!” என்றார். இத்தனை வருடமாகக் கல்யாணங்களில் மைக் பிடிக்கிறேன், இப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சாமினி மட்டும் என் களிசானின் இடுப்பைப் பிடித்து எத்தனை விரல் போகிறது என்று பார்த்தாள்.

ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். குளிசை.

ஒக்டோபரில் அக்கா புளோறன்ஸ் மெல்பேர்னில் இருந்து வந்திருந்தாள். காலிமுகத்திடலில் இறால் பதித்த இஸ்ஸோ வடை சாப்பிடும்போது, “அக்கா, எனக்குச் சிரிக்க வைக்க மட்டும்தான் வருது, சிரிப்பு வாறேல்ல” என்று பகிடியாகச் சொன்னேன். அவள் பகிடியாக எடுக்கவில்லை. போகும்போது ஒரு பெரிய குளிசைப் போத்தலை என் கையில் திணித்தாள். மனதைத் தெளிவாக்குமாம். ஏதோ ஆபிரிக்க மரத்தின் விதையில் இருந்து எடுத்ததாம். மருந்து இல்லை, சாப்பாடு மாதிரித்தானாம். நவம்பரில் தொடங்கினேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

போத்தல் மைக் பெட்டிக்குள் இருக்கிறது. சாமினிக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் ஒருத்திக்குச் சொல்வாள், அந்த ஒருத்தி பாடகர் குழுவுக்குச் சொல்வாள், அடுத்த ஞாயிறு “ஒஸ்வால்டுக்கு மண்டை பிழையாம்” என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை போகும். எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் பங்குத்தந்தையின் பொய்த்தலைமயிர்க் கதையை அனுப்பி வைத்தவன் நான்தான்.


ஜனவரி 14

பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் புக்கை வந்தது. கஜு, பிளம்ஸ் எல்லாம் போட்டது. முகர்ந்து பார்த்தேன். காகத்துக்கு வைத்தேன். வெள்ளவத்தைக் காகம், அதுவும் யோசித்துத்தான் சாப்பிட்டது.


ஜனவரி 19 – ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் எனக்கு இலவச மருத்துவ முகாம். “சீனி வருத்தமோ?” “தைரொயிட் பாத்தீங்களோ?” “மகன்ட யோசினையோ?” டிலான் டோஹாவில் நல்லாகத்தான் இருக்கிறான். வேலை, சம்பளம், சாப்பாடு எல்லாம் சரி. எங்களுக்கும் எல்லாம் சரி. குறை என்று சொல்ல ஒன்றாவது இருந்தால் எவ்வளவு வசதி!

பாடகர் குழு ரொஷேல் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அங்கிள், எனக்கு மட்டும் சொல்லுங்க, என்ன டயட்?” என்றாள்.

“வெறும் வயித்தில பச்சை வல்லாரை. ஒரு கட்டு. தண்ணி குடிக்கப்படாது.”

அவள் பயபக்தியோடு தலையாட்டினாள்.


ஜனவரி 23

காலி வீதியில் நிலாமின் பாமசிக்குப் போனேன். பள்ளிக்கூடம் தொட்டுக் கூட்டாளி. வேறு யாருக்கோ கேட்பது போல, “மச்சான், இந்த மனசுக்கு எடுக்கிற வெளிநாட்டுக் குளிசையள் ஆளை மெலிய வைக்குமா?” என்றேன்.

நிலாம் இருமல் பாணிப் போத்தல்களை நேராக அடுக்கத் தொடங்கினான். ஏற்கனவே நேராக இருந்தவை. “செல பேருக்குச் சாப்பாட்டுல மனம் போகாதாம்,” என்றான். பிறகு, “நீ எதுக்கும் ஊட்டுல செல்லு, மச்சான்.” ‘சொல்லு’ அவன் வாயில் எப்போதும் ‘செல்லு’தான்.

“நான் வேற ஆளுக்குக் கேக்கிறன்.”

“அந்த ஆளையும் ஊட்டுல செல்லச் செல்லு.”


ஜனவரி 28 – செவ்வாய்

சாமினி என்னைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு இழுத்துப் போனாள். செவ்வாய்க் கூட்டம். அந்தோனியார் சுரூபத்துக்கு முன் வரிசையில் நின்று, கைலேஞ்சியால் சுரூபத்தைத் தொட்டு, அதே லேஞ்சியால் என் நெற்றி, நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் துடைத்தாள். வயிற்றில் கொஞ்சம் கூடுதலாக.

பிறகு வாய்விட்டே நேர்த்தி வைத்தாள். “அந்தோனியாரே, இவர் பழையபடி உடம்பு வச்சா, இவற்ற எடைக்கு அரிசி வாங்கி முகத்துவாரத்தில அந்த வயசாளியள் மடத்துக்குக் குடுப்பன்.”

“சம்பா அரிசியா, நாட்டரிசியா?” என்று கேட்டேன்.

சிரிக்கவில்லை. வெளியே மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் வந்துதான் சொன்னாள்: “எங்கட அண்ணனுக்கும் முதல்ல களிசான்தான் லூசானது.”

அவளுடைய அண்ணன் யேசுரட்ணம் வயிற்றில் புற்றுநோய் வந்து போனவர். பெட்டிக்குள் கிடத்தும்போது கோட்டைப் பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கினோம். ஊசியைப் பிடித்தவன் நான்.

இனிச் சொல்லத்தான் வேண்டும். இவள் இல்லாத ஒன்றுக்குப் பயந்து சாகிறாள்.


பெப்ரவரி 3

இன்று சொல்லத் தொடங்கினேன். “சாமினி, உன்னட்ட ஒரு விசயம்…” அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினாள். முகம் வெளிறிப் போயிற்று. எனக்கு வாய் தன்பாட்டில், “…இந்தக் கறிக்கு உப்புக் காணாது” என்றது.

என்ன மனுசன் நான்? மைக் தந்தால் மாப்பிள்ளையின் பாட்டன் வரலாறு வரைக்கும் சொல்கிறேன். குசினிக்குள் மனிசியிடம் ஒரு வசனம் வருவதில்லை.


பெப்ரவரி 8 – சனி

இன்று ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். காலையில் பெண்ணின் தகப்பன் போனில் கூப்பிட்டார். “ஒஸ்வால்ட், நீங்க ரெஸ்ட் எடுங்க. வேற ஆளப் புடிச்சிட்டம். கல்யாண வீடுதானே… சனம் பாத்து ஒரு மாதிரி யோசிக்கும்.”

விளங்கிற்று. கல்யாண வீட்டில் சாக்களை முகம் கூடாது.

கோட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்தேன். கீழே கடற்கரை ரயில் போனது. சாமினி வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.


பெப்ரவரி 9

ரொஷேலுக்கு வயிற்றோட்டமாம். வல்லாரை. பாடகர் குழுவில் இன்னும் இரண்டு பேருக்கும். பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டு இன்று வெறும் ஆண் குரலில் போனது. கடவுள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.


பெப்ரவரி 12

டொக்டர் சவுந்தரநாயகம். இரத்தம், சலம், எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் எழுதித் தந்தார். தராசில் ஏற்றினார். இலக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“வேற ஏதும் மருந்து, குளிசை பாவிக்கிறீங்களா?”

சாமினி பக்கத்தில் இருந்தாள். “இல்ல டொக்டர்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். சாமினி காற்றாடியைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த ஈரலின் படத்தைப் பார்த்தேன். ஈரல் ஒன்றுதான் எங்கள் எல்லாருக்குள்ளும் நிம்மதியாக இருந்தது.


பெப்ரவரி 19

எல்லா றிப்போட்டும் சுத்தம். எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் டொக்டர், “ஒண்டும் இல்லாமல் இவ்வளவு மெலியேலாது. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாப்பம்” என்கிறார். அண்ணனுக்கும் குழாய்தான் முதலில் விட்டார்கள். வெளியே வந்து சாமினி ஆட்டோவைக் கூப்பிடக் கை நீட்டினாள். நீட்டிய கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஆட்டோக்காரன் தனக்கில்லை என்று நினைத்துப் போய்விட்டான்.

இன்றோடு குளிசை சரி. சத்தியமாக நிறுத்துகிறேன். உடம்பு வந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.


பெப்ரவரி 27

நிறுத்திய பிறகும் பசி இல்லை. தோசையைப் பார்த்தால் வட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆபிரிக்க விதை இரத்தத்தில் ஊறிவிட்டது போல. போத்தலில் ‘பக்க விளைவுகள்’ என்று ஏதும் போட்டிருக்கிறதா என்று தேடினேன். கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாத எழுத்து.

குழாய் விட அடுத்த வெள்ளி, மார்ச் 7, போகவேண்டும்.


மார்ச் 5 – சாம்பல் புதன்

சொல்லிவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் காலைப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். இருக்க இடமில்லை. இருவரும் நெற்றியில் கறுப்புச் சிலுவையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாமினி இன்று ஒரு நேரச் சாப்பாடு மட்டும், ஒருசந்தி. “நீங்க ஒருசந்தி இருக்கப்படாது, நீங்க சாப்பிடோணும்” என்று பூசை முழுக்க என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பம்பலப்பிட்டி தாண்டும்போது பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைகிறது. வெள்ளிக்கிழமைக் குழாய்க்காகச் செபிக்கிறாள்.

“சாமினி. எனக்கு வருத்தம் ஒண்டுமில்ல. புளோறன்ஸ் அக்கா தந்த ஒரு குளிசை, மனசுக்கு எண்டு. நவம்பரில இருந்து உனக்கு ஒளிச்சுப் போட்டனான். அதுதான் மெலிய வச்சது. இப்ப நிப்பாட்டிட்டன்.”

பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க வந்தது, விழுங்கினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். “குளிசைய விடுங்க. மனசுக்கு எண்டா? மனசுக்கு என்ன?”

“சந்தோசமில்ல.”

“எப்ப தொடக்கம்?”

“தெரியா. ரெண்டு வருசம் இருக்கும். காரணம் ஒண்டும் இல்ல சாமினி. காலம எழும்பினா ஏன் எழும்பினன் எண்டு இருக்கு. அவ்வளவுதான். உன்னால இல்ல. டிலானாலயும் இல்ல.”

கொண்டக்டர் எங்கள் முதுகில் தட்டி, “இஸ்ஸரஹட்ட யன்ன, மஹத்தயா, இஸ்ஸரஹட்ட!” என்று முன்னுக்குத் தள்ளினான். முன்னுக்குப் போனோம். சாமினி கம்பியை விட்டுவிட்டு என் சேர்ட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வெள்ளவத்தைத் தரிப்பு தாண்டிப் போய்விட்டது. தெஹிவளையில் இறங்கித் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நான்தான் கதைத்தேன். அவள் இடைக்கிடை “ஓம்” என்றாள். ஒரு இடத்திலும் சிரிக்க வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பருப்பும் சோறும் வைத்தாள். கொஞ்சம் சாப்பிட்டேன். ஒருசந்தி நாளில்! எனக்கு எல்லாம் தலைகீழ்தான்.


மார்ச் 7 – வெள்ளி

டொக்டரிடம் குளிசையையும் சந்தோசமில்லாததையும் ஒப்புக்கொண்டேன். கோபிக்கவில்லை, ஏனோ நிம்மதியானவர் போல இருந்தார். குழாயைத் தள்ளி வைப்போமாம். மனசு பார்க்கிற இன்னொருவரிடம் போய்க் கதைக்க வேண்டுமாம். கதைப்பதற்கு எனக்கு ஆள் பிடித்துத் தருகிறார்கள்!


ஏப்ரல் 3

கதைக்க என்று டொக்டர் பிடித்துத் தந்த மனிசி நான் சொல்லும் ஒரு பகிடிக்கும் சிரிப்பதில்லை. முதல் தடவை என் கைச்சரக்கில் நல்லதுகளாகப் பார்த்து எடுத்து விட்டேன். பேனையை மூடிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். இன்று மூன்றாவது தடவை. சரக்கு முடிந்தது. பிறகு கதைத்தோம்.

வரும் வழியில் பசித்தது. சைவக்கடையில் இரண்டு உளுந்து வடை. ஒன்றைச் சாமினிக்கு என்று கட்டினேன். அதையும் ஆட்டோவிலேயே சாப்பிட்டேன். விதை ஒருமாதிரி இரத்தத்தை விட்டு இறங்குகிறது.


ஏப்ரல் 24

பெல்ட்டில் பழைய ஓட்டை.


மே 17 – சனி

மைக் பிடித்தேன். கொட்டாஞ்சேனை. கேக் வெட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்குவதைப் பார்த்து ஒன்று சொன்னேன். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்தது. இந்த முறை களிசானின் பொத்தான்தான் பறந்தது. மேசையில் மூத்த விருந்தாளி ஒருவரின் சூப்புக்குள் விழுந்ததாகக் கேள்வி.

நாளைக்கு எப்படி எழும்புவேனோ தெரியாது. எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. போன செவ்வாய் நாள் முழுக்கப் படுத்திருந்தேன். ஆனால் சாமினியிடம், “இண்டைக்குச் சரியில்ல” என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.


ஜூன் 12 – வியாழன்

நாளைக்கு அந்தோனியார் திருநாள். அதற்கு முன் நேர்த்தியைத் தீர்க்க வேண்டும் என்று சாமினி என்னைப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அலவி ஹாஜியாரின் அரிசி மொத்தக்கடை. மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசில் என்னை ஏற்றினார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமிமார் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். சப்பாத்தைக் கழற்றப் போனேன்.

“போட்டுக்கொண்டு நில்லுங்க,” என்றாள் சாமினி. “அந்தோனியாருக்குக் குறைச்சுக் கணக்குக் காட்டேலாது.”

அலவி ஹாஜியார் முள்ளைப் பார்த்தார். “அல்லாவே, ரெண்டு மூடைக்குக் கிட்ட ஈக்கி! நோன்பு புடிக்கக் கொஞ்சம் பழகுங்க ஒஸ்வால்ட்.” நாட்டாமி ஒருவன் விசிலடித்தான். தராசில் நின்றபடியே சனத்துக்கு ஒரு நன்றியுரை சொல்லி இறங்கினேன்.

அரிசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போகும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பாத்தியா, ஒரு ஆபிரிக்க விதை செய்த வேலைய. அது மட்டும் இல்லாட்டி…”

“அத நீங்க ஒரு கிழமைதான் போட்டீங்க,” என்றாள் சாமினி, மூட்டையைக் கையால் அணைத்துக்கொண்டு.

நவம்பரிலேயே பேனை தேடி மைக் பெட்டியைத் திறந்திருக்கிறாள். புளோறன்சுக்குப் போன் அடித்துக் கேட்டிருக்கிறாள். போத்தலை நிலாமிடம் கொண்டுபோய், உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அதே மண்ணிறத்தில் விட்டமினை நிரப்பி, பேசாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். டொக்டருக்கும் இரத்தம் எடுக்க முதலே சொல்லிவிட்டாளாம்.

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன். நான் கேட்டா பகிடி விட்டிருப்பீங்க. பிறகு, குளிசைய விட்டதாலதான் பசிக்குது எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டீங்க. அத ஏன் கெடுப்பான்?”

துறைமுக லொறி ஒன்றுக்குப் பின்னால் ஆட்டோ நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அப்ப நான் மெலிஞ்சது குளிசையால இல்ல எண்டு உனக்கு அப்பவே தெரியும்.”

“அதாலதானே நேர்த்தி வச்சனான்,” என்றாள்.

திரும்பி வரும்போது நிலாமின் கடையில் இறங்கி, எனக்குத் தந்தது என்ன விட்டமின் என்று கேட்டேன். மெலிந்தவர்களுக்குப் பசி எடுத்து உடம்பு வைக்கக் கொடுப்பதாம்.