மாமியின் எண்ணெய்ப் பேணி

மாமி,

பின்வீட்டில் யாரோ பழைய எண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள். அந்தக் கமறல் மூக்கில் ஏறியதும் கை நெஞ்சைத் தடவுகிறது, வாயிலோ எச்சில் ஊறுகிறது. டொக்டரும் நீங்களும் எனக்குள் இன்னும் சண்டை பிடிக்கிறீர்கள்.

நம் வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் நாவற்குடாவில் உங்கள் வீட்டுக்கே குடிவந்தேன். பெட்டியோடு வந்தவன் தொந்தியோடு நிலைத்தேன். பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடித்துத் தகரப் பேணியில் ஊற்றுவீர்கள்; மறுநாள் அதன்மேல் கொஞ்சம் புதிது. "பழசு கலந்தாத்தான் மகன் மீன் சிவக்கும்." மீன் சிவந்தது, நான் பெருத்தேன்.

பிறகு வேலைக்குப் போய்க் கந்தோர்ப் படி ஏறினாலே நெஞ்சை இறுக்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெட்டுவிடும், அது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்கும் என்றார் டொக்டர். விரியவேண்டிய நேரத்தில் குழாய் விரியாது. இரத்தம் குறையக் குறைய இதயத் தசையும் களைத்துவிடுமாம்.

இதைச் சொல்ல உங்கள் மகளை அனுப்பினேன். "உங்கட நெஞ்சு, நீங்களே சொல்லுங்க" என்று கழன்றுவிட்டாள்.

"மாமி, கடலுக்குப் போற முகத்துவாரத்த மண் மூடினா வாவிக்கு என்ன நடக்கும்?"

"வெட்டி விடுவாங்க. உங்கட நெஞ்சையும் வெட்டி விடச் சொல்லுங்களன்."

ஆனாலும் மறுநாள் என் சோற்றுக் கோப்பையில் வெளிறிய மீன். மாமியை வென்ற மருமகன் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தேன். ஒரு மத்தியானம் குசினிக்குள் அடுப்படியை எட்டிப் பார்த்தால், உங்கள் கோப்பையில் செக்கச்செவேலென்று மீன். எனக்கு மட்டும்தான் புது எண்ணெய், பேணி உங்களுக்கு.

"கிழட்டு நெஞ்சுக்கு இது காணும் மகன். வீணாக் கொட்டுறதா?"

உங்கள் மீனை எடுத்துக் கடித்தேன். மருமகன் முன்னால் முந்தானையை இழுத்துவிட்டு ஒதுங்கியே நிற்கும் நீங்கள், பாய்ந்து வந்து அதைப் பறித்தீர்கள்.

"விசரா உங்களுக்கு? என்ட புள்ளயத் தனிய விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

"அவவுக்கு நீங்களும் வேணும் மாமி."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பேணியோடு பின்வளவுக்குப் போனீர்கள். அதன்பிறகு இருவருக்கும் ஒரே வெளிறிய மீன். ஒன்றாக இருந்து குறை சொல்லிச் சொல்லிப் பல வருடம் தின்றோம். போன மாரியில், எந்த நோவும் சொல்லாமல், நித்திரையிலேயே போய்விட்டீர்கள்.

கிளினிக்கில் டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல கவனமா இருக்கிறீங்க" என்று பாராட்டுகிறார். கவனமாக இருந்தது யாரென்று நான் அவரிடம் சொல்வதில்லை. உங்களுக்குரிய புகழை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், மாமி.