சளி ராஜாவும் என் இனிஷியலும்

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிப்பதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தண்ணீர்க் குழாய் பதித்துக் கொடுத்தேன். அதற்கு மரியாதையாக, பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசிக்கக் கூப்பிட்டார்கள். டீச்சர் கையில் கொடுத்தது உன் ‘சளி ராஜா’. மூக்கிலிருந்து விழுந்த சளி, மேசைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ராஜாங்கம் நடத்துகிற அதே புத்தகம்தான். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று தப்பப் பார்த்தேன். அது சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

ராஜா தும்முகிற பக்கத்தில் நானும் தும்மினேன். லாரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, ஜன்னல் அதிர்ந்தது. பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். “இன்னொரு தடவை தாத்தா” என்று மூன்று தடவை தும்ம வைத்தார்கள். முப்பது வருஷமாகக் குழாய் விற்கிறேன். என் சரக்குக்கு ஒருவரும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

“இதை எழுதினது என் பொண்ணு” என்றேன், யாரும் கேட்காமலே.

முன்வரிசைச் சிறுமி அட்டையைப் பார்த்தாள். “சும்மா சொல்றீங்க. பேருக்கு முன்னாடி அப்பா இனிஷியலே இல்லையே.”

இந்த அசிங்கத்தில் என் இனிஷியல் வேண்டாம் என்று உன்னிடம் சொன்னவன் நான்தான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல? “அச்சாபீஸ்ல விட்டுட்டாங்க, அடுத்த தடவை போட்டுடுவாங்க” என்று புளுகிவிட்டேன். அவள் லேசில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை.

அதனால் அடுத்த பதிப்பில் போட்டுவிடு அம்மா. பெரிதாக வேண்டாம். சளி ராஜா தும்மினால் நனைகிற தூரத்தில் இருந்தால் போதும்.

தொண்டை கட்டிப்போன,
அப்பா