கையை வைத்தால்தான் பேச்சு வரும்

மார்ச் 3
லிஃப்ட் பராமரிப்பு வேலைக்கு நேர்காணல். பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஃபோனில் கூப்பிடுவார்களாம். நேரில் என்றால் மோட்டாரைத் திறந்து காட்டிவிடுவேன். ஃபோனில் எதைத் திறப்பது? இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், கம்பெனி மூடி ஐந்து மாதமாகிறது, இதற்குப் போய் பயப்படுகிறேன்.

மார்ச் 4
மனைவியின் இடது முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டால் வீங்காமல் என்ன செய்யும்? நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. “உங்களுக்கு வேலை கிடைக்கட்டும், மறுநாளே நான் விட்டுடறேன்” என்கிறாள். எல்லாம் என் வாயில் இருக்கிறது. அந்த வாய்தான் சரியில்லை.

மார்ச் 6
மச்சினி ஆபீஸிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள், ஒத்திகைக்கு. “வணக்கம் சார், கதவு மூடப் போய்த் திரும்பத் திறந்துக்குது. என்ன பண்ணுவீங்க?”

எனக்குத் தெரியாததா? காற்றில் கையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

“மாமா, நீங்க அபிநயம் பிடிச்சா எனக்கு இங்க எப்படித் தெரியும்?”

சிரித்தோம். ஃபோனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 7
கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். கண்றாவி.

மார்ச் 9
இன்று ஓர் அதிசயம். மச்சினி கூப்பிட்டபோது எங்கள் நாலாவது மாடி லிஃப்ட் வாசலில் இருந்தேன். சும்மா கதவுச் சட்டத்தில் கையை வைத்தேன். பேச்சு மடமடவென்று வந்தது. சென்சார், கதவு ஓடும் தடம், உருளை — ஒன்று விடவில்லை.

“மாமா! நீங்கதான் பேசறீங்களா?” என்றாள்.

வீட்டுக்காரி முடிவே பண்ணிவிட்டாள். “அன்னைக்கும் அங்கயே நின்னு பேசுங்க.”

மார்ச் 11
நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். ஃபோனில் சட்டை யாருக்குத் தெரியும் என்றேன். “எனக்குத் தெரியும்ல” என்றாள். அதையும் நின்றுகொண்டே போட்டிருக்கிறாள்.

மார்ச் 12
எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது.

சரியாகப் பதினொன்றுக்கு ஃபோன் அடித்தது. லிஃப்ட் வாசலில் நின்றேன், கையை வைத்தேன். முதல் மூன்று கேள்விக்கும் பட்பட்டென்று பதில். “நல்லா விளக்கறீங்க” என்றார் அந்த மனிதர். நாலாவதாக அதே கதவுக் கேள்வி. “முதல்ல உள்ள போய்த் தடத்துல ஏதாவது அடைச்சிருக்கான்னு பார்ப்பேன் சார்” என்றேன். சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தி, கதவு திறந்ததும் உள்ளே போனேன். குனிந்தும் பார்த்தேன்.

கதவு மூடிக்கொண்டது. கீழே யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

ஹலோ, ஹலோ என்று கத்தினேன். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எங்கே இருக்கும்? அதற்காகத்தானே உள்ளே அவசர ஃபோன் வைக்கிறோம்! என் கையாலேயே எத்தனை மாட்டியிருக்கிறேன்! பச்சைக் குழந்தைக்குத் தெரியும்டா, உனக்குத் தெரியாதா?

கீழ்த்தளத்தில் இறங்கிப் பார்த்தால் அழைப்பு துண்டாகியிருந்தது. திரும்பக் கூப்பிட நம்பரும் இல்லை, மறைத்திருந்தார்கள். மாலைவரை அந்த வாசலிலேயே நின்றேன். ஃபோன் அடிக்கவில்லை. அவள் வேலையிலிருந்து வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மார்ச் 13
நடந்ததை எழுதி மெயில் அனுப்பினேன். படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 17
பதில் வந்தது. தொடர்பு துண்டிக்கப்பட்டதால் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். வருத்தமும் தெரிவித்திருக்கிறார்கள்.

மார்ச் 19
கடையில் முட்டி மடங்கி விழுந்துவிட்டாள். முதலாளியம்மா கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போனார். நான் வாசலில் மரம் மாதிரி நின்றேன்.

மார்ச் 24
இன்று முதல் அவள் இடத்தில் நான். வேலை கேட்கப் போகும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். முதலாளியம்மா கேட்டது ஒன்றே ஒன்று. “நாள் முழுக்க நிக்க முடியுமா?”

“முடியும்மா” என்றேன்.

முதல் சட்டையின் காலரைக் கருக்கினேன். மத்தியானத்துக்கு மேல் கை படிந்தது. கால்தான் கெஞ்சியது. இத்தனை நாள் இதை அவள் எப்படித் தாங்கினாள்?

வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்துவிட்டு, என் காலுக்கு வெந்நீர் வைக்க எழுந்தாள்.

உட்காருடி என்று கத்திவிட்டேன். உட்கார்ந்தாள்.