கழுத்துக்குழியில் ஈட்டி

9 ஜனவரி 1999, சனி
கிரிஜா சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னாள்: சீனப் புத்தாண்டு விழா மேடையில் ஈட்டி முனையைத் தன் கழுத்துக்குழியில் வைத்து, தண்டு வில்லாக வளையும்வரை முன்னால் தள்ளப்போகிறாளாம். குங்ஃபூ வகுப்பில் பழகிய மூச்சுப் பயிற்சி காக்குமாம். மகளுக்கு வயது இருபத்தொன்று. தடுக்க முடியாது.
என் மனைவி சிவனேஸ்வரி என்னைப் பார்த்தாள். "பேப்பரிலதானே வேலை செய்யிறியள், போய் விசாரியுங்கோவன்."

16 ஜனவரி
ஸ்பிரிங்வேலில் பலசரக்குக் கடையின் மேல்மாடியில் குங்ஃபூ வகுப்பு. கிரிஜாவின் ஆசிரியர் லாவ் மாஸ்டரிடம் கட்டுரை எழுத வந்தேன் என்றேன். மாணவர்கள் முழங்கால் மடக்கி அசையாமல் நின்றார்கள், வெகுநேரம். குத்து இல்லை, உதை இல்லை. தோள் அசையவில்லை, அடிவயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு அங்கே இறங்கினால் உடம்பு ஒரே துண்டாகும் என்றார். எனக்கும் தெரியும் என்று, பள்ளியில் பழகிய பிராணாயாமப்படி மூச்சை அடக்கி நின்று காட்டினேன். சிரித்தார்.
"அடக்குகிறவரைத்தான் ஈட்டி குத்தும்."

17 ஜனவரி
மோசடியை மோப்பம் பிடிப்பதே என் பிழைப்பு. இன்றுதான் முதல்முறை — மோசடியாக இருக்கவேண்டுமே என்று வேண்டுகிறேன். முனை மொட்டையாக இருந்தால் போதும்.

23 ஜனவரி
ஈட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டைவிரலை அழுத்தினேன். இரத்தம்.

24 ஜனவரி
சத்தம் போட்டுவிட்டேன். "அது கூரான இரும்பெடி!"
"தெரியும் அப்பா. தண்டு வளைஞ்சால் பாரம் மேல போயிடும். நான் இறுகினாத்தான் பிரச்சினை."
"இறுகினா?"
என் கட்டைவிரல் காயத்தைப் பார்த்தாள். பிறகு, "டூ யூ ட்ரஸ்ட் மீ?" என்றாள். நான் ஈட்டியைப் பற்றியே திரும்பச் சொன்னேன். குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

6 பெப்ரவரி
லாவ் மாஸ்டருக்கு போன் எடுத்து, நிறுத்துங்கள் என்றேன். நிறுத்துவது அவளுடைய வேலை, அதையும் சேர்த்துத்தான் பழக்கியிருக்கிறேன் என்றார். நழுவல். இதே பதிலை எத்தனை அமைச்சர்களிடம் கேட்டிருக்கிறேன்!

20 பெப்ரவரி
நாளை. சிவனேஸ்வரி வரமாட்டாளாம். நான்? போகாமல் எப்படி இருப்பது?

21 பெப்ரவரி, ஞாயிறு
பட்டாசுப் புகை அடங்கியபின் கிரிஜா மேடையேறினாள். தண்டின் மறுமுனையை லாவ் மாஸ்டரே பிடித்திருந்தார். முனை கழுத்துக்குழியில். ஒரு மூச்சு. இன்னொன்று. அவளுடைய தோள் உயர்ந்தது — மேல்மாடியில் அன்று ஒருவருடைய தோளும் உயரவில்லை. தள்ளப்போகிறாளா? கத்த வாயெடுத்தேன்.
பின்னால் அடிவைத்து ஈட்டியை விலக்கினாள். கூட்டத்துக்கு வணக்கம் சொல்லி இறங்கிவிட்டாள். யாரோ ஒருவன் கேலியாகக் கூவினான். லாவ் மாஸ்டர் அவளை நோக்கி இடுப்புவரை குனிந்து வணங்கினார்.
ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது அவளே சொன்னாள்: "மூச்சு மேலயே நிண்டிட்டுது அப்பா. கீழ போகேல்லை."
"பயந்திட்டியோ?"
"ஓம். அதான் தள்ளாமல் விட்டனான்."
நான் ஈட்டியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நிறுத்தத் தெரியுமா என்று பார்க்கவேயில்லை.

7 மார்ச்
கட்டுரை எழுதவில்லை. காலையில் பின்வளவில் அவள் முழங்கால் மடக்கிக் கண்மூடி நின்றாள். நான் பக்கத்தில் கதிரையில் அமர்ந்திருந்தேன், தேத்தண்ணியோடு.
"அடுத்த வருசம் திருப்பிச் செய்யப்போறன். தண்டை நீங்கள் பிடிக்கிறியளோ?"
கோப்பையைக் கீழே வைத்தேன். "ஓம்."
"அப்ப முதல்ல மூச்சை விடுங்கோ," என்றாள், கண் திறக்காமலே.