பிந்தி விழும் தாளம்

அண்ணே,

இன்று காலையிலிருந்து நீங்கள் தொண்டையைச் செருமுவதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை. கணினியில் அந்தப் பதிவைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் செருமல்தான். பிறகு "தொடங்கியாச்சா தங்கச்சி?" என்ற உங்கள் குரல். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருந்த கதிரையின் கைப்பிடியில் தட்டும் தாளம். கேட்கிறேன், நிறுத்துகிறேன், எழுந்துபோய் பிளேன்டீ ஊற்றுகிறேன், குடிக்காமலே திரும்பி வந்து உட்காருகிறேன். ஒவ்வொரு நாலாவது தட்டிலும் உங்கள் கை கொஞ்சம் பிந்துகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கணினி அதை நேராக்கிவிடும். நான்கு நாட்களாக அழுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

கண்டி மார்க்கெட் பக்கத்து ஸ்டாண்டில் உங்கள் ஆட்டோவில் முதன்முதல் ஏறிய நாள் நினைவிருக்கிறது. பிலிமத்தலாவையில் ஒரு கல்யாண வீடு. வயலின், கிட்டார், கீபோர்ட், டோலக் என்று எல்லாவற்றையும் உள்ளே அடுக்க உதவினீர்கள். அடுக்கிய பிறகும் வண்டியை எடுக்காமல் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"போகலாம்ண்ணே."

"மத்தவங்க வரலையா?"

"யாருமில்ல. எல்லாத்தையும் நான்தான் வாசிக்கிறேன்."

"அப்ப நாலு பேரு சாப்பாட்டையும் நீங்களே சாப்பிடுவீங்களா?"

வழி நெடுக விளக்கம் கேட்டீர்கள். ஒன்றை வாசித்துப் பதிந்து, அது ஓடும்போதே அடுத்ததை வாசிப்பேன் என்றேன். ஏன் அப்படி என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. முன்பு நான் இருந்த இசைக்குழுவில் நான் போட்ட மெட்டுகள் வேறொருவர் பெயரில் வெளிவந்தன. அன்றோடு எவர் கையையும் நம்புவதில்லை என்று, ஒவ்வொரு வாத்தியமாக நானே படித்துக்கொண்டேன். அதன் பிறகு என் புதுப் பாட்டுகளை எல்லாம் முதலில் உங்கள் ஆட்டோவில்தான் போட்டுக் காட்டினேன். பிடித்தால் ஹோர்ன் அடிக்காமல் ஓட்டுவீர்கள். அவ்வளவுதான் உங்கள் பாராட்டு.

எட்டு மாதம் உழைத்த ஒரு பாட்டை அப்படிப் போட்டேன். மஹியாவைச் சந்தி வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தீர்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு வாத்தியமும் ஒன்னோட ஒன்னு பேசிக்கவே இல்லையே தங்கச்சி. ஒரே ஆளு கண்ணாடி முன்னாடி நின்னு பேசுற மாதிரி இருக்கு."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே," என்றேன்.

ஓட்டினீர்கள். இறங்கும்போது உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஐந்து மாதம் வாத்தியங்களைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போனேன். அந்தப் பாட்டை வெளியிடவும் இல்லை. நீங்கள் சொன்னது காதிலேயே நின்றது.

பிறகு பேராதனைச் சந்தியில் ஒரு மழை. பஸ் எதிலும் ஏற முடியாமல் நனைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நிறுத்தினீர்கள்.

"ஏறுங்க. வயலின் நனையுது."

இத்தனை நாள் எங்கே என்று கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அண்ணே, அந்தப் பாட்டுக்கு நீங்க தாளம் தட்டுறீங்களா?"

"நானா? கோயில் பஜனையில தட்டுனதோட சரி."

ஆனாலும் வத்தேகமவில் என் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். டோலக்கைத் தொட மறுத்தீர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கதிரைக் கையில் தட்டினீர்கள். முடிந்ததும், "கெடுத்துட்டேனா?" என்று கேட்டீர்கள்.

"பரவாயில்லண்ணே, பிறகு சரிபண்ணிக்கலாம்."

அந்தச் சொல்தான் இப்போது என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. இரண்டு வாரம் கழித்து நெஞ்சுவலி என்று உங்களைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு மூன்றாம் நாள்தான் தெரியும். ஸ்டாண்டில் உங்கள் கூட்டாளி, "ஆளு போயிட்டாரும்மா, நேத்தே எடுத்துட்டாங்க," என்றார்.

இன்று மத்தியானம் உங்கள் தாளத்தில் கை வைக்காமல், என்னுடைய நான்கு வாத்தியப் பதிவுகளையும் அழித்தேன். எட்டு மாத வேலை. வயலினை எடுத்து உங்களோடு வாசித்தேன். மூன்று தடவை உங்களை முந்தினேன். நான்காவது தடவை பொறுத்தேன். நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். பிறகு கிட்டார், கீபோர்ட், கடைசியாக டோலக். எல்லாம் உங்கள் கைக்குப் பின்னால் நடந்தன.

பாட்டை வெளியிடும்போது தாளம் என்ற இடத்தில் எப்போதும் என் பெயரைத்தான் போடுவேன். இன்று அங்கே உங்கள் பெயரை எழுதப் போய்த்தான் திடுக்கிட்டேன். இத்தனை வருடத்தில் அண்ணன் என்பதைத் தவிர உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்டாண்டில் உங்கள் கூட்டாளியிடம் நம்பர் வாங்கி, உங்கள் மனைவிக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"அவரு பேர எதுக்கும் யாரும் கேட்டதில்லம்மா," என்றார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எழுதினேன்.

மனம் அடங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த பாட்டுக்கு டோலக்கை மடியில் வைத்தேன், அடிக்கவில்லை. இதை யாரைத் தட்டச் சொல்லலாம் என்று ஒவ்வொரு முகமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.