யுகாதிக்குள் பிங்கி நிற்க வேண்டும்

17 பிப்ரவரி 2025, திங்கள்

காலையிலேயே வயிற்றெரிச்சல். ஒருத்தர் பூனையைக் கூடையில் போட்டு எடுத்து வந்தார். உடம்பு சுடுகிறது என்று வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரையை உடைத்து ஊட்டியிருக்கிறார். "பாதிதாங்க குடுத்தேன்" என்கிறார், ஏதோ சிக்கனமாக இருந்துவிட்ட மாதிரி. பூனைக்கு அந்தப் பாதியே விஷம். எங்கள் கால்நடை க்ளினிக்கின் டாக்டர் தீர்த்தகிரி ட்ரிப் ஏற்றி வைத்திருக்கிறார். பிழைத்துவிடும் என்றார்.

நான் வாயே திறக்கவில்லை. போன மாதம் இப்படித்தான் ஒருத்தரைத் திட்டினேன். அவர் போய் நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "பிசியோதெரபி மேடம் சண்டைக்காரி" என்று எழுதிவிட்டார். சண்டைக்காரிதான். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்?

மதியம் பிங்கி வந்தாள். நீள முதுகும் குட்டைக் காலுமாக இருக்கும் டாஷண்ட் ஜாதி, ஆறு வயது. டிசம்பரில் சோபாவிலிருந்து குதித்ததில் முதுகில் டிஸ்க் நழுவி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. பெங்களூரில் ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து காரில் தூக்கிக்கொண்டு வருவது பூவம்மாள் அக்கா. அவர் வீட்டுக்காரர் குருமூர்த்திக்கு கிரானைட் பாலீஷ் பட்டறை.

இன்று என் ரப்பர் பாயின் மேல், வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். பிங்கி பின்னங்காலை ஊன்றி நாலு அடி வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிடிமானத்துக்கு ரப்பர் அடி வைத்த குட்டி ஷூ நாலு கொடுத்தேன். வீட்டில் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதியும் கொடுத்தேன். தினம் மூன்று வேளை, காலை மடக்கி நீட்டுவது பதினைந்து தடவை, துண்டு கட்டி நிற்க வைப்பது, ஷூ போட்டுப் பத்து நிமிடம் நடக்க விடுவது.

24 பிப்ரவரி, திங்கள்

பூவம்மாள் அக்கா போனில் வீடியோ காட்டினார். வீட்டில் பிங்கி பின்பக்கத்தைச் சாக்குமூட்டையாக இழுத்துக்கொண்டு போகிறாள். அதே பிங்கி அரைமணி கழித்து என் பாயில் எட்டு அடி.

"ஊட்டுல நடக்கவே மாட்டேங்குதுங்க மேடம்."

"மூணு வேளையும் செய்றீங்களா?"

"செய்றேங்க."

ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் செம்மண் அப்பியிருந்தது. அப்படியானால் ஷூ போடுகிறார்கள். மற்றதைத்தான் செய்யவில்லை. இங்கே வரும் பாதிப் பேர் இப்படித்தான், கேட்டால் தலையாட்டுவார்கள். பார்க்கலாம்.

1 மார்ச், சனி

கிருஷ்ணகிரியில் கல்யாணம். என் வீட்டுக்காரர் ஹரீஷின் பெரிய அத்தை நாராயணம்மா பந்தியில் நாலு பேர் கேட்கும்படி, "பெரிய ஆஸ்பத்திரி வேலைய வுட்டுட்டு நாய்க்குக் கால் அமுக்கிக்கினு இருக்கியாமே" என்றார். "ஆமாங்க அத்தை. உங்க முட்டியவிட அதுங்களுக்குச் சீக்கிரம் சரியாவுது" என்றேன். வண்டியில் வரும்போது ஹரீஷ், முட்டி வலிக்காரரிடம் அப்படிச் சொல்லலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். கட்டிக்கொண்டவளின் வேலையை ஒருத்தி கேலி செய்கிறாள், இவருக்கு அத்தையின் முட்டிதான் கவலை.

3 மார்ச், திங்கள்

இன்று குருமூர்த்தியும் கூட வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ரொம்ப மரியாதையான மனுஷர். அதனால்தான் இன்னும் எரிகிறது.

"மேடம், யுகாதி வரைக்கும் பாக்கறோம். அதுக்குள்ள ஊட்டுல எழுந்து நின்னா சரி. இல்லன்னா ஊசி போட்டு முடிச்சிருங்க. இப்பிடி இழுத்துக்கினு கெடக்கறத என்னால பாக்க முடியல."

யாருக்குக் கஷ்டம்? பிங்கிக்கா? அவள் என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வலி இல்லை, பசி இருக்கிறது, வால் ஆடுகிறது. பார்க்க முடியாதவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதுதானே. யுகாதிக்கு விருந்தாளிகள் வருவார்கள், புது வீட்டில் இழுத்துக்கொண்டு திரியும் நாய் கண்ணை உறுத்தும், அதைச் சொல்லேன் ஐயா.

பூவம்மாள் அக்கா தலை குனிந்தே இருந்தார். டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "அவங்க நாய், பிரவீனா. நான் ஒருதடவை பேசிப் பாக்கறேன், ரெண்டு தடவை பேசிப் பாக்கறேன். அப்புறம்?" என்றார்.

யுகாதி முப்பதாம் தேதி.

4 மார்ச்

இருபத்தாறு நாள். நாய்க்கு நாள் குறிக்கிறவர்களை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

10 மார்ச், திங்கள்

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

பாயில் பன்னிரண்டு அடி. துண்டே இல்லாமல். நான் சந்தோஷமாக நிமிர்ந்தால் பூவம்மாள் அக்கா பழைய பாட்டையே பாடுகிறார். ஊட்டுல நிக்கல, சறுக்கிச் சறுக்கி உழுது, இப்பல்லாம் எழுந்திருக்கவே பயப்படுது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வெளியே ஆறேழு பேர் நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"பொய் சொல்லாதீங்கக்கா. நீங்க ஒண்ணுமே செய்யறதில்ல. செஞ்சிருந்தா இந்த நாய் எப்பவோ ஓடியிருக்கும். உங்க வீட்டுக்காரர் ஊசி போடறேன்னா, அந்த ஊசிய எடுத்துக் குடுக்கறது நீங்கதான்."

 அவர் முகம் என்னவோ ஆனது. பிங்கியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார், இரண்டு முட்டியும் மடங்க மறுத்தன. அவருக்கு முட்டி வலி என்பதே இத்தனை நாளாக எனக்குத் தெரியாது. மனுஷருக்கு எட்டு வருடம் முட்டி பார்த்தவள் நான்.

சொன்னது சரிதான். சொன்ன விதம்தான்... இல்லை, சரிதான்.

11 மார்ச், செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? வீட்டைப் பாத்தியா?" பார்க்கவில்லை. நாளைக்கு லீவு போட்டுப் போகப்போகிறேன். கையும் களவுமாகப் பிடித்து அவருக்கும் காட்டுகிறேன்.

12 மார்ச், புதன்

ஸ்கூட்டரில் ஒன்றரை மணிநேரம். சிப்காட் தாண்டும்வரை லாரிப் புகை, அப்புறம் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை. சொல்லாமல் போனேன், தயார் செய்துகொள்ள நேரம் கொடுக்கக்கூடாது என்று. எவ்வளவு புத்தி எனக்கு.

வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் பூவம்மாள் அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிங்கியின் பின்னங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை, பதினைந்து முடியும்வரை. பக்கத்தில் சுவரில் நான் கொடுத்த தாளை ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே காலண்டர், ஒவ்வொரு தேதியிலும் பேனாவால் மூன்று கோடு. பிப்ரவரி பதினேழிலிருந்து ஒரு நாள்கூட விடவில்லை.

அப்புறம் பிங்கியை நிற்க வைத்தார். "ரா, பிங்கி, ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டார். பிங்கி எழுந்தாள். பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், வயிறு தரையில் பட விழுந்தாள். திரும்ப எழுந்தாள். திரும்ப விழுந்தாள்.

தரை கறுப்பு கிரானைட். அவர் பட்டறையிலேயே பாலீஷ் போட்டது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. வெறுங்காலில் நின்ற எனக்கே விரல்கள் தானாக மடங்கின.

"ஷூ எங்கக்கா?"

"வாசல்ல இருக்குதுங்க."

"ஏன் வாசல்ல?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "செருப்ப ஊட்டுக்குள்ள போடுவாங்களா மேடம்? சாமி ரூம் இருக்குது. தெனம் வெளிய கூட்டிக்கினு போறப்ப போட்டு, வந்ததும் கழட்டிருவேன். நீங்களும் அதுக்குப் பக்கத்துலதான் கழட்டிட்டு வந்தீங்க."

போய்ப் பார்த்தேன். படிக்கட்டு ஓரம் வரிசையாக நாலு நீல ஷூ, என் செருப்பை ஒட்டி. செம்மண்ணோடு. வீட்டுத் தரையில் செம்மண் ஏது என்று இரண்டு வாரமாக எனக்குத் தோன்றவே இல்லை.

13 மார்ச், வியாழன்

தூக்கமில்லை. தாளின் ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். "ஷூ போட்டு நடக்க விடவும்." வீட்டுக்குள் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. நான் செருப்புப் போட்டுக்கொண்டு யார் வீட்டுக்குள்ளாவது போயிருக்கிறேனா? என் வீட்டுக்குள் போவேனா? அந்தம்மா முட்டி மடங்காத காலோடு நாளைக்கு மூன்று தடவை தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். அவரைப் பார்த்து நான் ஆறேழு பேர் முன்னால் — சீ.

நேற்று மன்னிப்புக் கேட்டேனா? "வீட்டுக்குள்ளயும் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திட்டுவதற்கு ஊருக்கே கேட்கும் குரல் இருந்தது.

17 மார்ச், திங்கள்

பிங்கியைக் குருமூர்த்தி தூக்கி வந்தார். "அவ வரலன்னுட்டா மேடம்." ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதுசாக ஒரு செட் வேண்டுமாம், மண்ணே மிதிக்காதது, வீட்டுக்குள் போட. "பழச அவ ஒத்துக்க மாட்டேங்கறா." நாலு ஷூ எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குள் செருப்புப் போட அந்தம்மா சாமியை எப்படிச் சமாதானம் செய்வாரோ, அது அவர் பாடு.

யுகாதிக் கெடு பற்றிக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இன்னும் பாக்கலாம்தானா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

24 மார்ச், திங்கள்

இன்றும் அவர்தான் தூக்கி வந்தார். புது ஷூ நாலிலும் மஞ்சள் குங்குமப் பொட்டு. அடியைப் பார்த்தேன், ஒரு துளி மண் இல்லை. முன்பக்கம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. நடந்தால்தான் அப்படித் தேயும்.

வீட்டில் எப்படி என்று கேட்க வாய் வரவில்லை.

29 மார்ச், சனி

க்ளினிக் மூடும் நேரத்தில் போன். பூவம்மாள் அக்காவின் குரல், விறைப்பாக. "நாளைக்கு யுகாதி. ஊட்டுக்கு வாங்க." வைத்துவிட்டார். எதற்கு? டாக்டரைக் கேட்டேன், ஊசிக்கு யாரும் சொல்லவில்லை என்றார்.  அக்காவிடமே கேட்டிருக்கலாம்.

30 மார்ச், ஞாயிறு

வாசல் முழுக்கச் செருப்பு. வேப்பம்பூப் பச்சடி வாசம். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நின்று, போன வாரம் முழுக்கக் கோர்த்து வைத்த மன்னிப்பை ஒருதடவை சொல்லிப் பார்த்தேன். குனிந்து செருப்பைக் கழற்றினேன். பழைய நீல ஷூ நாலும் அதே இடத்தில் இருந்தன.

உள்ளே சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுக்கூடத்தில் பிங்கி நின்றுகொண்டிருந்தாள். பொட்டு வைத்த ஷூவோடு, தானாக. என்னைப் பார்த்ததும் வந்தாள். இடுப்பு கொஞ்சம் ஆடியது, ஒருதடவை கால் கோணியது, சரி செய்துகொண்டாள். விழவில்லை. குருமூர்த்தி யாரிடமோ, "பதிமூணு நாளா நடக்கறா. எங்க ஊட்டுல இவளுக்கு மட்டுந்தான் செருப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி கேட்ட வாய்.

பூவம்மாள் அக்கா இலையோடு வந்து எனக்கு எதிரில் நின்றார். நான் கோர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "அக்கா, நான் அன்னிக்கு —"

"பொய் சொல்றவ ஊட்டுல சாப்புடுவீங்களா?"

சத்தமாகத்தான் கேட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கும் ஆறேழு பேர் இருந்தார்கள்.

"பொய் சொன்னது நீங்க இல்லக்கா. தப்பா எழுதிக் குடுத்தது நான். உங்களப் பேசினதும் நான். தப்பு முழுக்க என்னுது." கூடத்துக்கே கேட்கும்படி சொன்னேன். 

 அவர் இலையைப் போட்டார். ஒப்பட்டு என்கிற போளியை வைத்து, நெய் ஊற்றி, கேட்காமலே இன்னொன்றும் வைத்தார். எனக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"சாப்புடு" என்றார். இந்தத் தடவை 'மேடம்' இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவர் முட்டியைப் பார்த்தேன். வலது முட்டிதான் மோசம். செவ்வாய் தோறும் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.