திரைச்சீலை மிச்சத்தில் ஒரு முக்காடு

அக்கா,

உங்கள் மகள் சுபா நேற்று ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். உள்ளே அந்த வலைத்துணி முக்காடு. திரைச்சீலை தைத்த மிச்சத்தில் நீங்கள் வெட்டியது. ஊசி குத்திய இடத்தில் துருகூடப் பிடித்திருந்தது.

"அம்மாவின்ர அலுமாரியில கிடந்தது. இது ஆற்ற, அன்ரி?"

"என்ர முக்காடு" என்றேன்.

அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல் கொதித்து ஆறி, மறுபடியும் கொதித்து ஆறிவிட்டது. நீங்கள் மார்கழியில் கண்ணை மூடிவிட்டீர்கள். இது வைகாசி. அடுத்த கிழமை சுபாவுக்குக் கலியாணம். அவளின் அப்பா பேசி முடித்த கனடா மாப்பிள்ளை. இன்று பின்னேரம் சிநேகிதிகள் அவளை வெளியே கூட்டிப்போகிறார்கள், நானும் வரவேண்டுமாம். அவள் வந்து கூப்பிடுவதற்குள் இதை உங்களுக்கு எழுதிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

நான் லண்டனுக்கு வந்த புதிது அது. பிளேஸ்டோவில் மாமி வீட்டில் எனக்குப் படுக்கை ஹோலில், பிள்ளைகளோடு. தனியே அழவும் அங்கே இடமில்லை. மாப்பிள்ளையை ஒரே ஒருமுறை, தேத்தண்ணித் தட்டோடு நின்றபோது பார்த்தேன். அவர் காலில் போட்டிருந்த சப்பாத்துத்தான் நன்றாக ஞாபகம். திரைச்சீலை தைக்கும் பட்டறையில் உங்களுக்குப் பக்கத்து மெஷின் என்னுடையது. கலியாணத்துக்கு முதல் பெண்ணை ஒரு இரவு வெளியே கூட்டிப்போவது தங்கள் வழக்கம் என்று எங்களோடு வேலை செய்த மொரீன் சொன்னாள். அதோடு உங்களுக்கு விசர் பிடித்தது.

"உன்னைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம் எண்டு மொரீன் சொல்லுறாள்."

"ஐயோ அக்கா, மாமி என்னைக் கொண்டுபோடுவா!"

"குடிச்சிட்டுக் கத்துறதைப் பாக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போவான்? என்ர மனுசன் வீட்டில சும்மா காட்டுவார்."

கிரீன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு அப்பால் உங்களுக்கும் லண்டன் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் புதுத் திட்டம். படம் பார்ப்போமா? விளங்காது. ஹோட்டலில் சாப்பிடுவோமா? என்ன இறைச்சியோ! கடைசியில், வாழ்த்து அட்டையில் இருக்கும் இரட்டைக் கோபுரப் பாலத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை.

அப்படி முடிவான அன்றைக்கே மாமி சடங்கு நாளை முன்னுக்கு மாற்றிவிட்டா. ஐயர் நல்ல நாள் சொன்னாராம், வெள்ளிக்கிழமை பொன்னுருக்கல். தாலிக்குப் பொன் உருக்கினால் பிறகு கலியாணப் பொம்பிளை வாசற்படி தாண்டக்கூடாது. விடுவோம் அக்கா என்றேன். நீங்கள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினீர்கள்.

"ஏன், வியாழக்கிழமைக்கு என்ன குறை?"

"மாமிக்கு என்ன சொல்லுறது?"

"ஓவர்டைம் எண்டு நான் சொல்லுறன். என்ர முகத்தை ஆர் சந்தேகப்படுவினம்? தேவாரம் பாடுற முகம்."

ஒரு பாலத்துக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மொரீன் முக்காட்டை என் தலையில் குத்தி, கார் பழகுகிறவர்கள் கட்டும் சிவப்பு எழுத்து அட்டையை முதுகில் தொங்கவிட்டாள். இந்த ஊர்ச் சட்டம் போல என்று நானும் விட்டுவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீட்டில். எங்களைக் கண்டதும் சனம் கைதட்டியது. நான் சீலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்தேன். நீங்கள் எழும்பி நின்று எல்லோரையும் கும்பிட்டீர்கள்.

அதன் பெயர் வேறு என்று தெரியாமல் லண்டன் பாலம் என்று கேட்டோம், கொண்டக்டரும் சரியாகத்தான் இறக்கிவிட்டார். ஆனால் கோபுரத்தைக் காணவில்லை. வெறும் தெரு, கீழே தண்ணீர், வேலை முடிந்து ஓடுகிற கோட்டுக்காரர்கள்.

"இதுவோ? எங்கட ஊர்ப் பண்ணைப் பாலம் இதைவிடத் திறம்!" என்றீர்கள்.

பிறகு திரும்பிப் பார்த்தால், எங்கள் கோபுரப் பாலம் ஆற்றின் அடுத்த வளைவில் வெயிலுக்குள் நிற்கிறது. அதுவரை நடக்கக் காலில் தெம்பு இல்லை. வாங்கிய சிப்ஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் தின்றோம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"பிள்ளை, உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"பயமாக் கிடக்கு அக்கா."

"பயம் வேற, விருப்பமில்லாதது வேற. எது?"

நீங்கள் அவசரப்படுத்தவில்லை. பஸ்கள் போயின, ஒரு படகு பாலத்துக்குக் கீழே நுழைந்தது. "பயம்தான்" என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லு. நாளைக்குப் பொன்னுருக்கினாப் பிறகு என்னாலயும் ஒண்டும் செய்யேலாது. இண்டைக்கெண்டால் என்ர வீட்டில நிக்கலாம். மாமியோட நான் கதைக்கிறன்."

"பயம்தான் அக்கா, உண்மையா."

திரும்பும் வழியில் முக்காட்டைக் கழற்றி வைக்க உங்கள் வீட்டுக்குப் போனோம். சின்ன அறையில், சுபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், இன்னொரு மெத்தை விரித்திருந்தது. புது உறை போட்ட தலையணை. மடித்த போர்வை. பாலத்தில் நீங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, காலையிலேயே விரித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அந்தத் தலையணையில் நான் படுக்கவில்லை. ஆனால் கலியாணத்துக்குப் பிறகு அவரோடு சண்டை பிடித்த நாட்களில் எல்லாம் அதுதான் ஞாபகம் வரும். என்னைக் கட்டிக்கொடுக்கவில்லை, நான் ஓம் சொல்லித்தான் வந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சுபாவிடம் எல்லோரும் மண்டபம் கேட்கிறார்கள், கூறைச் சீலையின் கரை கேட்கிறார்கள், விசா கேட்கிறார்கள். நேற்று அவளிடம், "நாளைக்குப் பின்னேரம் எங்க போறியள்?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.

"இன்னும் ஃபிக்ஸ் பண்ணேல்ல அன்ரி. நீங்களே சொல்லுங்கோவன்."

கார் ஹோர்ன் கேட்கிறது. அவள்தான். கார் வேண்டாம் பிள்ளை, பஸ்ஸில் போவோம், மேல்தட்டில் என்று சொல்லப்போகிறேன். பாலத்தில் சிநேகிதிகள் முன்னே நடக்கட்டும். நான் அவளின் கையைப் பிடித்துப் பின்னுக்கு நிற்பாட்டி, நீங்கள் கேட்ட மாதிரியே கேட்பேன். நாளைக்குத்தான் பொன்னுருக்கல்.

இங்கே என் வீட்டில், மேலே சின்ன அறையில் கட்டில் விரித்துவிட்டேன், அக்கா. தலையணைக்குப் புது உறை போட்டிருக்கிறேன்.